மான்கொம்புப் பெரணி: பல மொட்டா, ஒற்றை மொட்டா?

மான்கொம்புப் பெரணி வாங்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கொத்துக்கொத்தாக அடர்ந்து வளரும் வகையை வாங்குவதா, தனியாக ஒரு பெரிய கிரீடம்போல விரியும் வகையை வாங்குவதா? கூடவே இன்னொரு குழப்பமும் வரும். "விற்பவர் கிராண்டே என்கிறார், எனக்கு சூப்பர்பம் போலத் தெரிகிறது, எது சரி?" இவை வேறு வேறு கேள்விகள்போலத் தோன்றினாலும் ஒன்றை விட்டு மற்றதைத் தீர்க்க முடியாது. கையில் இருப்பது எந்த இனம் என்று தெரியாதவரை அது எவ்வளவு குளிர் தாங்கும், எத்தனை நாள் தண்ணீரில்லாமல் இருக்கும், சுவரில் எவ்வளவு இடம் கேட்கும் என்று எதையும் சொல்ல முடியாது.

தாவரவியலில் இதன் பேரினத்துக்கு பிளாட்டிசீரியம் என்று பெயர். 'அகன்ற கொம்பு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. ஏறக்குறைய 18 இனங்கள் இதில் அடக்கம். ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் என்று பரவியிருக்கின்றன. தென் அமெரிக்காவில் இருப்பது ஆண்டினம் என்ற ஒரே இனம்தான். எல்லாம் மரத்தின் மேலோ பாறையின் மேலோ ஒட்டி வாழ்பவை. ஒட்டுண்ணிகள் அல்ல, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் கட்டுரையில் மூன்று வழிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பக்கக் கன்று விட்டுப் பெருகும் பைஃபர்கேட்டம். இரண்டு, ஒற்றை மொட்டோடு (பூமொட்டு அல்ல, இலைகள் பிறக்கும் வளர்மொட்டு) வளரும் சூப்பர்பம், கிராண்டே கூட்டம். மூன்று, மழைக்காட்டு உச்சிகளின் கொரோனேரியமும் ரிட்லியையும். மற்றவற்றைப் போகிற போக்கில் தொட்டுச் செல்கிறேன்.

## முதலில் செடியின் உடலமைப்பு

இந்தச் செடியில் இரண்டு வகை இலைகள் உண்டு. அடியில் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி வளர்வது கவச இலை. அது சில காலம் பச்சையாக இருந்து, பிறகு காய்ந்து பழுப்பாகிக் காகிதம்போல ஆகிவிடும். அதன் மேல் அடுத்த கவச இலை வந்து மூடும். இப்படி அடுக்கடுக்காகச் சேரும் பழைய இலைகள்தான் வேருக்குப் போர்வை, தண்ணீர்த் தொட்டி, உரக்குழி எல்லாம். பழுப்பாகிவிட்டதே என்று இதைப் பிய்த்து எடுப்பவர்கள் செடியின் வீட்டையே இடிக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

இன்னொன்று, வெளியே நீட்டிக்கொண்டு கிளைகிளையாகப் பிரியும் கொம்பு இலை. விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் வித்துத்தூள் இதன் அடிப்பக்கத்தில்தான் பழுப்பு வெல்வெட் திட்டாக வரும். முதல்முறை அதைப் பார்ப்பவர்களில் பலர் பூஞ்சை என்று பயந்து சுரண்டிவிடுகிறார்கள். ஆனால் செடி பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்கான அடையாளமே அதுதான். இனத்தைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் நம்பகமான சான்றும் அதுவே.

இலைமேல் மாவு தூவியதுபோல இருப்பது நட்சத்திர வடிவ நுண்முடிகள். தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தால் உதிர்ந்துவிடும், அந்த இலையில் மறுபடி வராது. கடும் வெயிலையும் வறட்சியையும் சமாளிக்க இவை உதவுகின்றன.

கவச இலைகளின் நடுவே, கொம்பு இலைகள் கிளம்பும் இடத்தில், ரோமம் மூடிய ஒரு சிறு குமிழ் இருக்கும். அதுதான் வளர்மொட்டு. எல்லா இலையும் அங்கிருந்துதான் பிறக்கிறது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் குமிழை மையமாக வைத்துத்தான்.

## எதை எதை வைத்து எடைபோடுவது

மொட்டு எத்தனை என்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். சில இனங்களில் தண்டு கிளைத்துப் புதிய மொட்டுகள் கிளம்பும், வாழைக்குப் பக்கக் கன்று வருவதுபோல. சில இனங்களுக்கு ஆயுள் முழுவதும் ஒரே மொட்டு. அது அழுகினால் செடி முடிந்தது. இலைகள் இன்னும் சில மாதம் பச்சையாக நிற்கும், ஆனால் புதிதாக எதுவும் வராது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு பைஃபர்கேட்டமும் ஒரு சூப்பர்பமும் வைத்திருந்தேன். குளிரும் மழையும் சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தது. இரண்டின் மொட்டிலும் தண்ணீர் தேங்கி அழுகல் பிடித்தது. பைஃபர்கேட்டத்தில் ஒரு மொட்டு போயிற்று, பக்கத்தில் நாலு மொட்டு இருந்தன, அடுத்த கோடையில் இழப்பே தெரியவில்லை. சூப்பர்பம் ஆறு வருடம் வளர்ந்தது, ஒரே மொட்டு, அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் மொட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அடுத்தது அளவும் எடையும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பல அடுக்குக் கவச இலையும், வேருக்குப் பின்னால் வைத்துக் கட்டும் பாசியும் குடித்து நிற்கும் தண்ணீரைக் கணக்குப் போட்டால், முதிர்ந்த பெரிய செடி நனைந்த நிலையில் ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத கனத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் குளிர், வறட்சி, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றைத் தாங்கும் திறன். அடுத்து, வாங்கும்போதே இனத்தை உறுதிசெய்ய முடியுமா என்பது. கடைசியாக, கொம்பு இலை வர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது. பலர் கேட்க மறக்கும் கேள்வி இது.

வெளிச்சம் பற்றித் தனியாகப் பிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இலைகளினூடே வடிகட்டி விழும் நல்ல வெளிச்சம்தான் வேண்டும். கொம்பு இலை நீண்டு மெலிந்து துவண்டால் வெளிச்சம் போதவில்லை. குட்டையாக, வெளிறி, ஓரம் கருகினால் கூடிவிட்டது.

## பைஃபர்கேட்டம்: பல மொட்டு

கிழக்கு ஆஸ்திரேலியாவில் இயல்பாக வளர்வது. உலகெங்கும் வீடுகளில் இருக்கும் மான்கொம்புப் பெரணிகளில் பெரும்பாலானவை இதுவோ இதன் கலப்புகளோதான். கொம்பு இலை ஏறக்குறைய 90 செ.மீ. வரை நீளும், நுனியில் இரண்டிரண்டாகப் பிரியும். வித்துத்தூள் திட்டு அந்த நுனிகளின் அடிப்பக்கத்தில் வரும். கவச இலை வட்டமாக, மேல் விளிம்பில் மட்டும் சற்றுப் பிளந்திருக்கும்.

அடையாளம். நாலைந்து கன்றுகள் ஒன்றாகக் கூடி, சாம்பல் பச்சைக் கொம்புகள் கொத்தாக நின்றால் அநேகமாக இதுதான். ஆனால் ஒரு பெயர்க் குழப்பம் நெடுநாளாக இருக்கிறது. இதை அல்சிகார்னே என்ற பெயரில் விற்பார்கள். உண்மையான அல்சிகார்னே மடகாஸ்கரையும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தையும் சேர்ந்தது. அதன் கவச இலையின் மேல் விளிம்பு பிளவில்லாமல் உருண்டையாக இருக்கும். கொம்பைப் பார்த்துக் குழம்புவதைவிடக் கவசத்தின் மேல்விளிம்பைப் பார்ப்பது எளிது.

நெருங்கிய உறவினர்கள் இருவர். ஹில்லியையின் இலை அகலமாகவும் நல்ல பச்சையாகவும் இருக்கும், ரோமம் குறைவு. வீட்ச்சியை வெள்ளி முலாம் பூசியதுபோல ரோமம் அடர்ந்தது, கொம்புகள் நிமிர்ந்து நிற்கும், கவச இலையின் தலைப்பு விரல்கள்போல நீளும். வறண்ட பாறைகளில் வளர்ந்து பழகிய இனம், அதிக வெயில் கேட்கும். 'நெதர்லாண்ட்ஸ்' என்ற பெயரில் திசுவளர்ப்பு மூலம் பெருமளவில் வரும் வகையும் பைஃபர்கேட்டம்தான். கொம்புகள் சற்றுக் குட்டையாக எல்லாப் பக்கமும் விரியும்.

வளர்ப்பு. பலகையில் கட்டலாம், தொங்கும் கூடையில் வைக்கலாம். கூடையில் வைத்தால் கன்றுகள் கம்பி இடுக்குகள் வழியே வெளியே வந்து சில வருடங்களில் கூடையே தெரியாத பந்தாகிவிடும். இடையில் ஒருமுறை தண்ணீர் ஊற்ற மறந்தாலும் இலை தொங்குமே தவிரச் சாகாது. முதிர்ந்த செடி, வேர் உலர்ந்திருந்தால், உறைநிலையை ஒட்டிய குளிரைக்கூடக் கொஞ்ச நேரம் தாங்கும். கன்று பிரிப்பதும் சிரமமில்லை. கன்றின் கவச இலை உள்ளங்கை அளவு வந்தபின், அதைச் சுற்றிக் கூரிய கத்தியால் வெட்டி, பின்பக்க வேரோடு சேர்த்து எடுத்துத் தனிப் பலகையில் கட்டினால் போதும்.

இந்தப் பெருக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2021இல், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்டு ஹோவ் தீவில் இந்த இனக் கூட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரே கூட்டத்தில் சில செடிகள் வித்து உண்டாக்க, வேறு சில வித்தே இல்லாமல் தண்ணீரும் சத்தும் சேமிப்பதில் அதிகம் ஈடுபடுவதாகக் கண்டார்கள். தேனீக்கூட்டத்தின் வேலைப் பங்கீட்டோடு இதை ஒப்பிட்டார்கள். இதைப் படித்தபின் கூட்டமாக வளரும் செடியைப் பிரிக்க எனக்குக் கை தயங்குகிறது. அவசியமானால் மட்டும் ஒன்றிரண்டு எடுக்கிறேன்.

மறைவான செலவு. கூட்டம் பெருகப் பெருகப் பலகை போதாது. சில வருடங்களுக்கு ஒருமுறை இன்னும் பெரிய பலகைக்கு மாற்ற வேண்டும். பழைய பலகையிலிருந்து பிரிக்காமல், அதையே புதிய பலகைமேல் வைத்து முடுக்குவதுதான் நல்லது. இன்னொரு தொல்லை செதில் பூச்சி. கன்றுகள் நெருங்கி வளர்வதால் உள்ளே ஒளிந்துகொள்ளும், வெளியே தெரியும்போது பாதிக் கூட்டத்தில் பரவியிருக்கும். கையால் எடுப்பதுதான் பாதுகாப்பு. எண்ணெய் கலந்த தெளிப்புகள் நுண்முடிகளைக் கெடுக்கும்.

## சூப்பர்பம், கிராண்டே: ஒற்றை மொட்டு

இந்தக் கூட்டத்தின் அழகு வேறு ரகம். கவச இலை மேலே விசிறிபோல எழுந்து, விளிம்பில் ஆழமாகப் பிளந்து, கிரீடமாக நிற்கும். ஒரு மீட்டரைத் தாண்டியும் விரியும். மரத்திலிருந்து விழும் சருகும் மழைநீரும் அந்தக் கிரீடத்துக்குள் சேர்ந்து மக்கி உணவாகும். கொம்பு இலைகள் 2 மீட்டர் வரை தொங்கும். முழு வளர்ச்சியடைந்த ஒன்றை நேரில் பார்த்தவர்களுக்கு அப்புறம் வேறு எதுவும் கண்ணில் நிற்காது. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் நடந்தது.

அடையாளம். இங்கேதான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சூப்பர்பமும் பிலிப்பைன்ஸின் கிராண்டேயும் நெடுங்காலம் ஒரே பெயரில், கிராண்டே என்றே அழைக்கப்பட்டன. 1970இல்தான் ஆஸ்திரேலியச் செடியைத் தாவரவியலாளர்கள் டி யோன்ஷேரும் ஹென்னிப்மனும் சூப்பர்பம் என்று தனி இனமாகப் பிரித்தார்கள். விற்பனைச் சீட்டுகளில் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேறுபாடு வித்துத் திட்டில். சூப்பர்பத்தில் ஒரு கொம்பு இலைக்கு ஒரே திட்டு, இலை முதலில் பிரியும் கவட்டையின் அடியில். கிராண்டேயில் கொம்பு இலை இரண்டு பெரிய மடல்களாகப் பிரிந்து மடலுக்கொன்றாக இரண்டு திட்டுகள். ஒன்றா, இரண்டா என்று எண்ணினால் போதும்.

ஆனால் இந்த எண்ணிக்கைக்குச் செடி முதிர வேண்டுமே. இளஞ்செடி பல வருடம் கவச இலைகளை மட்டுமே விடும். கொம்பே இருக்காது. அப்போது சூப்பர்பம், கிராண்டே மட்டுமல்ல, ஹோல்ட்டமியையும் வாண்டேயும்கூட ஒன்றுபோலவே இருக்கும். முதிர்ந்தபின் இந்தக் கடைசி இரண்டிலும் கொம்பு இலையின் இரு மடல்களும் சமமாக இராமல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். வாண்டேயில் மொட்டைச் சுற்றியுள்ள கவச இலை விளிம்பில் சிறு சிறு பற்கள்போன்ற சுருக்கு இருக்கும், இது ஓரளவு வளர்ந்த செடியிலேயே கண்ணில் படும். கைக்கடங்கும் இளஞ்செடியைக் காட்டி "இது நிச்சயம் கிராண்டே" என்று யாராவது சொன்னால், வித்து எந்தத் தாய்ச்செடியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தாய்ச்செடியின் படம், அதிலும் கொம்பின் அடிப்பக்கப் படம் இருந்தால் மட்டும் நம்பலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. சூப்பர்பம் 5 டிகிரி அளவுக் குளிரையும், உலர்ந்திருந்தால், தாங்கும். கிராண்டே 15 டிகிரிக்குக் கீழே போனாலே தளரத் தொடங்கும். சீட்டில் பெயர் மாறியிருந்தால் முதல் குளிர்காலத்திலேயே செடி போய்விடலாம்.

வளர்ப்பு. இதற்குத் தொட்டி சரிவராது. கவச இலை தட்டையான பரப்பைக் கட்டிப்பிடித்து எல்லாப் பக்கமும் விரிய வேண்டும். பலகைதான் வழி, அதுவும் ஆரம்பத்திலேயே பெரியதாக. தண்ணீர் விஷயத்தில் ஒரே விதி: நன்றாக நனை, அப்புறம் உலர விடு. பலகையைத் தூக்கிப் பார்த்தால் கனம் குறைந்ததா என்று கை சொல்லிவிடும். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்தபின் கவச இலையின் மேல் விளிம்புக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்க்கலாம். குளிர் காலத்தில் தண்ணீரைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுங்கள். கவச இலையின் அடியில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவினால் அது பெரும்பாலும் ஈரம் கூடியதால் வந்த பூஞ்சை. அப்போது மருந்து தேடுவதற்கு முன் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

மறைவான செலவு. காலம்தான் பெரிய செலவு. கன்று விடாது, ஆகவே பெருக்க வித்துத்தூள் ஒன்றே வழி. கொதிநீரில் கிருமி நீக்கிய நடவுக் கலவையில் தூவி, மூடி, ஈரம் காக்க வேண்டும். சில வாரங்களில் பச்சைப் படலம் வரும். அதில் ஈரத்தின் உதவியோடு கருவுற்றுக் குட்டிச் செடிகள் தலைகாட்ட மேலும் பல மாதங்கள். பார்க்கும்படியான செடியாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் பிடிக்கும், கொம்புக்கு இன்னும் அதிகம். எடை இரண்டாவது செலவு. சுவரில் அடிக்கும் கொக்கி முதிர்ந்த நனைந்த செடியின் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இன்றைய இளஞ்செடியின் கனத்தைக் கணக்கில் எடுத்தால் நள்ளிரவில் பலகை விழும் சத்தம் கேட்கும். பின்னால் ஈரம் தங்குவதால் சுவரின் பூச்சும் கெடும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

## கொரோனேரியமும் ரிட்லியையும்: மழைக்காட்டின் உச்சி

தென்கிழக்கு ஆசியாவின் தாழ்நில மழைக்காடுகளைச் சேர்ந்தவை இவை. இரண்டையும் ஒரே பார்வையில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடலாம். வித்து இலைநுனியில் திட்டாக வராமல், கரண்டிபோன்ற ஒரு தனி மடலில் வரும். கொரோனேரியத்தின் கொம்புகள் முறுக்கிய நாடாக்கள்போல நீளமாகத் தொங்கும். ரிட்லியையின் கொம்புகள் உண்மையான மான்கொம்புபோல நிமிர்ந்து நிற்கும். அதன் கவச இலை கிளையை உருண்டையாக மூடிக்கொள்ளும், மேலே நரம்புகள் வரிவரியாகப் புடைத்திருக்கும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நெடுநாள் நடத்திய ஹென்றி ரிட்லியின் பெயர் அது.

அந்த உருண்டைக் கவசத்துக்குள் எறும்புகள் குடியிருக்கும். போர்னியோவில் க்ரெமடோகாஸ்டர் வகை எறும்புகள் இப்படி வாழ்கின்றன. அவை சேர்க்கும் கழிவு செடிக்குச் சத்து, செடியைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எறும்பு காவல். நம் பலகையில் அந்த எறும்புகள் இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இங்கேயும் மொட்டுக் கணக்கு உண்டு. கொரோனேரியம் தண்டு கிளைத்து மரத்தைச் சுற்றி வளையமாகப் பெருகும். ரிட்லியை வழக்கமாக ஒற்றை மொட்டு, அதோடு மற்றவற்றைவிடச் செல்லம். காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும், அதே சமயம் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய கண்ணாடிப் பெட்டியில் ஈரம் கிடைக்கும், காற்று நின்றுவிடும், அழுகிவிடும். மின்விசிறி, ஈரப்பதமூட்டி, உப்புக் குறைந்த தண்ணீர் என்று செடிக்கு வெளியே போகும் செலவு செடியின் விலையைத் தாண்டிவிடும். 15 டிகிரிக்குக் குறையாத, ஆண்டு முழுவதும் ஈரமான வெளிப்புற இடம் இயற்கையாகவே அமைந்தவர்களுக்குக் கொரோனேரியத்தைத் தாராளமாகச் சொல்வேன். ரிட்லியையை, மற்ற ஓர் இனத்தையாவது ஐந்து வருடம் நன்றாக வளர்த்தவர்களுக்கு மட்டும்.

மழைக்காட்டுக்கு எதிர்த்திசையில் வாலிச்சியை என்ற இனம் இருக்கிறது. மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து பக்கத்தது. வறண்ட பருவத்தில் இலை சுருட்டி உறங்கிவிடும். செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொல்பவர்களே அதிகம். அதன் வித்துத்தூள் பச்சை நிறம், சீக்கிரம் உயிர்ப்பை இழந்துவிடும், கிடைத்தவுடன் தூவிவிட வேண்டும். உறக்கக் காலத்தைப் பொறுத்திருக்க முடிகிறவர்களுக்கு அருமையான செடி.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பைஃபர்கேட்டம் | சூப்பர்பம் | கிராண்டே | கொரோனேரியம் | ரிட்லியை |
|---|---|---|---|---|---|
| மொட்டு | பல | ஒன்று | ஒன்று | பல | வழக்கமாக ஒன்று |
| வித்து எங்கே | கொம்பு நுனிகளில் | கவட்டையடியில் ஒரே திட்டு | மடலுக்கொன்றாக இரண்டு திட்டு | கரண்டி மடலில் | கரண்டி மடலில் |
| குளிர் | நன்றாகத் தாங்கும் | உலர்ந்திருந்தால் ஓரளவு | தாங்காது | தாங்காது | தாங்காது |
| தண்ணீர் மறந்தால் | பிழைக்கும் | பிழைக்கும் | வாடும் | வாடும் | போய்விடும் |
| தொட்டி, கூடை | சரிவரும் | வேண்டாம் | வேண்டாம் | பலகை நல்லது | பலகை மட்டும் |
| இளமையில் அடையாளம் | எளிது | கடினம் | கடினம் | ஓரளவு | எளிது |
| பெருக்க | கன்று பிரித்து | வித்து மட்டும் | வித்து மட்டும் | கன்று, வித்து | வித்து |

## யாருக்கு எது

முதல் செடி என்றால் பைஃபர்கேட்டம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. தவறு செய்ய இடம் தரும் செடி அது. எவ்வளவு நனைத்தால் போதும், எப்போது உலர்ந்தது என்று கை பழகும்வரை ஒரு மொட்டு போனாலும் பரவாயில்லை என்ற நிம்மதி வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும், குளிர்காலம் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கும் இதுவே. பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: மான்கொம்புப் பெரணி அவற்றுக்கு நஞ்சல்ல. ஆனால் அவை கடித்தால் செடிக்குத்தான் ஆபத்து.

பெரிய கிரீடம்தான் வேண்டும், மனம் வேறெதிலும் நிற்காது என்றால் சூப்பர்பம் வாங்குங்கள், கிராண்டேயை விட்டுவிடுங்கள். தோற்றத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டுச் சுவரில் பெரிதாகத் தெரியாது, குளிர் தாங்கும் திறனில் உள்ள வேறுபாடு கட்டாயம் தெரியும். வருடம் முழுவதும் வெப்பம் குறையாத இடத்தில் இருந்தால் மட்டும் கிராண்டே. எதுவானாலும் மழை நேராக மொட்டில் விழாத இடம், நல்ல கொக்கி, பத்து வருடம் மாற வேண்டியிராத சுவர். வாடகை வீட்டில் இருந்து வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறவர்களுக்கு இந்தச் செடியைச் சொல்ல மனம் வரவில்லை. முதிர்ந்ததைக் கழற்றித் தூக்கிப்போவதில் கவச இலைகள் முறியும், அந்தக் கிரீடம் மறுபடி உருவாக இரண்டு மூன்று பருவம் ஆகும்.

இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்களுக்கு: இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். பைஃபர்கேட்டத்தை ஒரு முழு ஆண்டு, ஒரு குளிரும் ஒரு கோடையும், வளர்த்துப் பாருங்கள். அதே சுவரில், அதே கையால். அந்தச் செடி அந்த ஆண்டில் மொட்டு எதையும் இழக்காமல் இருந்தால் சூப்பர்பம் வாங்கலாம்.

## வாங்கும் அன்று பார்க்க வேண்டியவை

மொட்டைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, ரோமத்தோடு இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ கருத்திருந்தாலோ எவ்வளவு பச்சை இலை இருந்தாலும் விட்டுவிடுங்கள். கொம்பு இலைகளைத் திருப்பி, நரம்போரம் செதில் பூச்சி இருக்கிறதா பாருங்கள். வித்துத் திட்டு வெல்வெட்போல ஒரே சீராகப் பரவியிருக்கும், செதில் பூச்சி தனித்தனி மேடாக நகத்தில் சுரண்ட வரும்.

பின்பக்கத்தையும் பாருங்கள். மரப்பட்டைத் துண்டுகள் ஒட்டி, வேர் தாறுமாறாக அறுந்து, கவச இலைகள் கிழிந்திருந்தால் அது காட்டு மரத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படிப்பட்ட செடி வீட்டில் பிழைப்பது அரிது. பிழைத்தாலும், காட்டில் ஒரு மரம் பல பத்தாண்டு சுமந்ததை நாம் சுவரில் மாட்டியிருப்போம். வித்திலிருந்தோ திசுவளர்ப்பிலிருந்தோ வந்த சிறு செடியே போதும்.

கட்டும்போது மொட்டு எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வர வேண்டும். கவச இலையின் பிளந்த விளிம்பு வானத்தைப் பார்க்கும். பின்னால் ஸ்பாக்னம் பாசி வைக்கலாம், அல்லது உப்புப் போகப் பலமுறை அலசிய தேங்காய் நார். செம்புக் கம்பியும், செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகையும் வேண்டாம், வேருக்கு ஆகாது. தூண்டில் நரம்பு கொண்டு கவச இலைமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள், மொட்டின் மேல் மட்டும் போகக் கூடாது. அடுத்த கவச இலை வளர்ந்து அந்த நரம்பை மூடியதும், செடி பலகையைத் தானே பிடித்துக்கொண்டது என்று பொருள்.